அந்தத் தாய் கேட்காத கேள்வி

இறந்தவர்களை நினைப்பதற்கு நம் வீடுகளில் சில ஒழுங்குகள் இருக்கின்றன. எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆண்டுதோறும் திவசம். வயது போய், பேரப்பிள்ளைகளைக் கண்டு மறைந்தவர்களுக்கு இந்த ஒழுங்குகள் போதுமாக இருக்கின்றன. இளம்பிள்ளை ஒன்று போய்விட்டால் போதாமல் போகிறது. தனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளைக்குத் தானே திவசம் கொடுக்கும் தாய்க்கு எந்தச் சடங்கிலும் மனம் ஆறுவதில்லை. அதனால்தான் ஒரு குடும்பம் பிள்ளையின் நினைவு நாளில் பாடசாலைக்குக் கொப்பிகள் கொடுக்கிறது. இன்னொரு குடும்பம் சிறுவர் இல்லத்தில் ஒருநேரச் சாப்பாடு கொடுக்கிறது. விளையாட்டுக் கழகங்கள் நினைவுக் கிண்ணம் வைக்கின்றன. அவன் இந்த மண்ணில் இருந்தான், அவனால் யாருக்கோ ஒரு பயன் இருந்தது என்று சொல்ல நாம் விரும்புகிறோம். அது நியாயமான விருப்பம்.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட நினைவு ஒன்றைப் பற்றியது. அதைச் செய்தவர் நம்மைப் போன்ற ஒரு பெண். அவருடைய அனுமதியுடனேயே எழுதுகிறேன். ஊர், பெயர், வைத்தியசாலை எதுவும் வேண்டாம் என்றார். "மற்றதெல்லாம் எழுது பிள்ளை. சனம் கதைக்கிறதையும் எழுது" என்றார்.

இரண்டு பிள்ளைகள்

வன்னியில் சமூகப் பணியாளராக வேலை செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து அவரை எனக்குத் தெரியும். கணவர் 2009ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் இறந்துபோனார். அதே ஆண்டு மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த சனத்துக்குள் மூத்த மகனைத் தவறவிட்டார். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டு வயது இளையவனின் கையைப் பிடித்துக்கொண்டு செட்டிகுளம் முகாமுக்குப் போனார்.

அதன்பின் நடந்தவற்றை உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம் என்று எல்லா இடமும் படிவம் நிரப்பினார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கியபோது, வேலைக்குப் போகாத நாட்களில் படத்துடன் போய் அங்கே குந்தியிருந்தார். மூத்தவனுக்கு இன்றுவரை திவசம் செய்யவில்லை. செய்தால் அவன் செத்துவிட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார்.

2019ஆம் ஆண்டு இளையவன் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினான். வயது 22. வாகனத் திருத்தகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். தலைக்கவசம் போட்டிருந்தான், பட்டியைக் கொழுவவில்லை. முதலில் கொண்டுபோன வைத்தியசாலையில் இருந்து தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். அங்கே தமிழ் கதைக்க ஆள் இல்லை என்று அந்தத் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குச் சமாளிக்கக்கூடிய அளவு சிங்களம் தெரியும். இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் வைத்தியர் எங்களை ஒரு சிறிய அறைக்குக் கூப்பிட்டார். இளம் பெண் வைத்தியர். கதிரையை இழுத்துத் தாயின் முழங்காலுக்குக் கிட்டப் போட்டு இருந்துகொண்டுதான் பேசினார். மூளை இறந்துவிட்டது என்றார்.

வட்டு இழந்த பனை

மூளைச்சாவு என்பதை விளங்கிக்கொள்வது எளிதல்ல. கட்டிலில் கிடக்கும் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொட்டால் சூடு இருக்கிறது. திரையில் இருதயத் துடிப்பு ஓடுகிறது. இதை மரணம் என்றால் எந்தத் தாய் நம்புவாள்?

வைத்தியர் சொன்னதை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். மூளை முழுவதும், மூச்சை நடத்துகின்ற மூளைத்தண்டு உட்பட, திரும்பி வராதபடி செயலிழந்துவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குவது செயற்கைச் சுவாச இயந்திரத்தால். இருதயத்துக்குச் சொந்தமாகத் துடிக்கும் இயல்பு உண்டு, ஒட்சிசன் கிடைக்கும்வரை துடிக்கும். இயந்திரத்தோடும் அது நெடுநாள் நிற்காது. கோமா என்பது வேறு. கோமாவில் மூளைக்கு உயிர் உண்டு, சிலர் எழும்பி வருகிறார்கள். முறைப்படி உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து யாரும் திரும்பியதில்லை.

உறுதிசெய்வதற்கான பரிசோதனைகளையும் விளக்கினார். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, இயந்திரத்தைச் சற்று நேரம் நிறுத்தினால் தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வைத்தியர்கள், இடைவெளி விட்டு, மறுபடியும் செய்து பார்ப்பார்கள். உறுப்பை எடுக்கும் சத்திரசிகிச்சைக் குழு இதில் சேருவதில்லை.

அந்தத் தாய் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "வட்டு இழந்த பனை மாதிரியோ பிள்ளை? மரம் நிக்கும். ஆனா இனிக் குருத்து வராது. அப்பிடியோ?" என்று கேட்டார்.

செல்லடியில் தலை போன பனைகளை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகப்புத்தாளின் பின்பக்கம் பனையைக் கீறிக் காட்டினேன். வைத்தியர் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் எழுதிய 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தைப் படித்தோம். அது இரண்டு வகை என்கிறார். ஒன்று, ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கிறார். போரில் காணாமற் போனவர்கள் அப்படி. மற்றது, ஆள் கண்முன்னே இருக்கிறார், ஆனால் அந்த மனிதர் இல்லை. மறதிநோய் வந்த முதியவர்கள் அப்படி. பரீட்சைக்காகப் பாடமாக்கிய இந்த இரண்டும் ஒரே தாய்க்கு வந்ததை அன்றைக்குப் பார்த்தேன். மூத்தவனுக்கு உடம்பு இல்லை, அவன் போய்விட்டான் என்று சொல்ல முடியவில்லை. இளையவனுக்கு உடம்பு இருக்கிறது, ஆனால் அவன் போய்விட்டான் என்கிறார்கள்.

கேட்டவரும் கேட்கப்பட்டவரும்

மூளைச்சாவு உறுதியான பிறகுதான் வேறோர் உத்தியோகத்தர் வந்து உறுப்புத் தானம் பற்றிக் கேட்டார். முதலில் மரணச் செய்தி, அதை உள்வாங்க நேரம், அதன் பிறகே இந்தக் கேள்வி என்ற முறையை அவர்கள் கவனமாகக் கடைப்பிடித்தார்கள். விரும்பாவிட்டால் விரும்பவில்லை என்று சொல்லலாம், அதனால் எந்தக் குறையும் வராது என்றும் சொன்னார்.

நான் ஒரு விடயத்தில் உறுதியாக இருந்தேன். நான் அங்கே போனது மொழிபெயர்ப்பதற்கு. சம்மதம் வாங்கிக் கொடுப்பது என் வேலை அல்ல, தடுப்பதும் அல்ல. அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். தாய் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். "நீ என்ன நினைக்கிறாய் பிள்ளை?" என்று அவர் கேட்டபோது, "நீங்கள் எதைச் சொன்னாலும் உங்களோடை நிப்பன் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய முதல் பதில் இல்லை என்பதுதான். "ஒருத்தனை முழுசா எடுத்துப் போட்டினம். இவனையாவது முழுசாக் கொண்டுபோய் எரிக்க விடச் சொல்லு" என்றார். உத்தியோகத்தர் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வந்து வற்புறுத்தவில்லை.

பின்னேரம் தாதி ஒருவர் பிள்ளையின் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். மணிக்கூடு, ஒரு பேர்ஸ். பேர்ஸில் சிறிது காசு, அடையாள அட்டை, தாயும் இரண்டு பிள்ளைகளும் நின்று எடுத்த பழைய படம், இரத்ததானம் செய்பவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. விளையாட்டுக் கழகத்தின் முகாம்களில் மூன்று தடவை இரத்தம் கொடுத்திருந்தான். தாய்க்குத் தெரியாது. "உடம்பு இளைச்சுப் போறாய் எண்டு பேசுவன் எண்டுதான் சொல்லேல்லைப் போலை" என்றார்.

அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாங்கில் இருந்தார். இருட்டியபின், "அந்த ஆளை ஒருக்காக் கூப்பிடு" என்றார்.

உறவுகள் கேட்டவை

சம்மதம் சொன்ன பிறகும் காரியம் முடியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த தாய்மாமனும் சித்தப்பாவும் கோபப்பட்டார்கள். அவர்கள் கேட்டவற்றைக் குறை சொல்ல மாட்டேன். அவை நம் எல்லோருக்கும் வரக்கூடிய கேள்விகள்.

உறுப்பில்லாமல் போனால் அடுத்த பிறவியில் குறையோடு பிறப்பான் என்று ஒருவர் சொன்னார். தாய் சண்டை பிடிக்கவில்லை. "கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பினவர். அவர் குருடாய்ப் பிறந்தவர் எண்டு ஆரும் சொன்னதோ?" என்று மட்டும் கேட்டார். கோயிலில் புராணப்படிப்புக் கேட்டு வளர்ந்தவர்.

மற்றச் சமயங்களிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. பௌத்தர்களிடம் தன் கண்களைத் தானம் செய்த சிபி மன்னனின் ஜாதகக் கதை உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மாற்றுச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் மாநாட்டில் பேசும்போது, விலை இல்லாமல் மனமுவந்து கொடுக்கும் உறுப்புத் தானத்தை அன்பின் செயல் என்று வரவேற்றார். இஸ்லாமிய அறிஞர்கள் பலரும் உயிர்காக்கும் தேவைக்காக, நிபந்தனைகளுடன் இதை அனுமதித்திருக்கிறார்கள். எந்தச் சமயத்தவரும் சந்தேகம் இருந்தால் தங்கள் குருக்களையோ, பாதிரியாரையோ, மௌலவியையோ கேட்டுத் தெளிவது நல்லது.

உடம்பை வெட்டிச் சிதைத்துவிடுவார்கள் என்றார் மற்றவர். விபத்தில் இறந்தவருக்கு மரண விசாரணையும் பிரேத பரிசோதனையும் எப்படியும் உண்டு என்பதை உத்தியோகத்தர் நினைவூட்டினார். உறுப்பை எடுப்பதும் ஒரு சத்திரசிகிச்சைதான், சத்திரசிகிச்சைக் கூடத்தில் செய்து, முறையாகத் தைத்து, உடுப்பணிவித்துக் கொடுப்போம், முகத்தில் வித்தியாசம் தெரியாது என்றார்.

கடைசிக் கேள்விதான் பாரமானது. தாய்மாமன் அதைத் தாழ்ந்த குரலில் கேட்டார். "இது ஆருக்குப் போகப்போகுது அக்கா? உன்ர மூத்தவனைக் கொண்டுபோனவங்களிலை ஒருத்தனுக்குப் போனா?"

அறையில் சத்தம் இல்லை. நான் அதை மொழிபெயர்க்கவில்லை, அது வைத்தியரிடம் கேட்கப்பட்ட கேள்வி அல்ல. தாய் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"அதை நான் கேக்கேல்லை. கேட்டு அறிஞ்சா ஒருவேளை குடுக்கமாட்டன். அதாலைதான் கேக்கேல்லை."

இதைவிட நேர்மையான பதிலை நான் என் வேலையில் கேட்டதில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் ஒன்று என்றும் சொல்லவில்லை. தன் மனதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதற்கும் தன் பிள்ளை செய்திருக்கக்கூடிய காரியத்துக்கும் நடுவில் ஒரு கதவைச் சாத்தி வைத்தார், அவ்வளவுதான். இரத்தம் கொடுத்த பிள்ளை யாருக்கென்று கேட்டுக் கொடுக்கவில்லையே.

இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு கண்களும் எடுக்கப்பட்டன. பெற்றவர்களின் பெயர்களை அந்த வைத்தியசாலை சொல்லவில்லை. பல நாடுகளிலும் இதுவே வழக்கம்.

ஊர்ப்பேச்சு

பிள்ளையின் உடல் வீட்டுக்கு வந்தது. பந்தலுக்குள் சனம் எட்டி எட்டி முகத்தைப் பார்த்தது. முகம் தூங்கும் பிள்ளையின் முகமாகவே இருந்தது. ஆனாலும் காடாத்து முடிவதற்குள் ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டது. "இலட்சக்கணக்கிலை காசு வாங்கிப்போட்டாளாம்." கூரைத்தகடு மாற்றியபோது கதை இன்னும் பெருத்தது. அந்தக் கூரை அவர் கூலிவேலைக்குப் போய்ச் சீட்டுக் கட்டி எடுத்த காசில் போட்டது என்பது எனக்குத் தெரியும், சீட்டில் இருந்த பெண்களுக்கும் தெரியும். அவர்களும் வாய் திறக்கவில்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று சொன்னார். "நான் ஒரு சதம் வாங்கேல்லை. வாங்கியிருந்தா இப்பிடி நிண்டு கதைக்க ஏலாது." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அப்போது இன்னொரு தாய் பேசினார். அவருடைய மகளும் காணாமற் போனவள். "நீ செய்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா என்ர பிள்ளையின்ர உடம்பு எனக்குக் கிடைச்சிருந்தா, ஒரு நகத்தைக்கூட ஆருக்கும் குடுத்திருக்கமாட்டன்" என்றார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அழுதார்கள். அந்த இரண்டு பேரில் யார் சரி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில், இருவரும் சரி என்பதே. கொடுக்கும் உரிமை உள்ளவருக்கே மறுக்கும் உரிமையும் உண்டு. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பது தானம் ஆகாது.

காத்திருப்பவர்கள்

கொடுத்தவரின் வீட்டை மட்டும் பார்த்தால் கதையின் பாதிதான் தெரியும். வவுனியா மாவட்டத்தில் நான் போய்வரும் ஒரு வீட்டில் சிறுநீரகம் செயலிழந்த பெண் ஒருவர் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளின் தாய், குடும்பத் தலைவி. கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தோடு படுத்திருக்கவேண்டும். போகவர பஸ் நேரம் வேறு. அந்த இரண்டு நாளும் கூலி இல்லை. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கிறார். வன்னி வெயிலில் வயலில் நின்றவருக்கு அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குத் தெரியும். வடமத்திய மாகாணத்திலும் அதை அண்டிய வவுனியாக் கிராமங்களிலும் விவசாயக் குடும்பங்களில் இந்த நோய் பரவியிருப்பது பல வருடங்களாகத் தெரிந்த விடயம். அவர் யாருடைய மரணத்துக்கும் காத்திருக்கவில்லை. ஒரு சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்று அவர் என்னிடம் ஒருநாள் கண்டிப்பாகச் சொன்னார்.

முன்னே நடந்தவர்கள்

கண்தானத்தில் இலங்கைக்கு உலகில் நல்ல பெயர் உண்டு. அதைத் தொடங்கியவர் வைத்தியர் ஹட்சன் சில்வா. மருத்துவ மாணவனாக இருந்தபோதே கண்தானம் கேட்டுப் பத்திரிகையில் எழுதியவர். தன் தாய் இறந்தபோது அவருடைய விழிவெண்படலத்தையே பார்வையற்ற ஓர் ஏழைக்குப் பொருத்தி, சொன்னதைச் செய்து காட்டினார். 1961 இல் கண்தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964 இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு விழிவெண்படலங்கள் போயின. 1999 இல் அவர் மறையும் முன்பே பல நாடுகளில் இலங்கையரின் கண்களால் மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017 ஜூலையில் கண்டி வைத்தியசாலையில் நாட்டின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சையும் நடந்தது.

தமிழ்நாட்டில் இந்த விடயத்தில் மக்களின் மனதை மாற்றியது ஒரு பதினைந்து வயதுப் பையனின் மரணம். 2008 செப்டெம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். தாயும் தகப்பனும் வைத்தியர்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அதனால் துக்கம் குறைந்துவிடுமா? மகனின் உறுப்புகளைக் கொடுக்க அவர்களே முன்வந்தார்கள். இருதயம் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் போனது. பொலிஸார் வீதியைத் திறந்துவிட, சென்னை நெரிசலுக்குள்ளால் பதினொரு நிமிடத்தில் இருதயம் போய்ச் சேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வெளியே எடுத்த இருதயம் ஏறக்குறைய நான்கு மணித்தியாலத்துக்குள் மற்ற உடலில் துடிக்கவேண்டும், அதனால்தான் அந்த அவசரம். அதன்பிறகு அங்கே உறுப்புத் தானம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 2023 இல் உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரச மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

நம்முடைய தாய்க்கு மரியாதை கிடைக்கவில்லை, வதந்திதான் கிடைத்தது. ஆகவே இதைப் படிக்கும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் ஒரு குடும்பம் இப்படிக் கொடுத்தால், செத்தவீட்டில் காசுக் கணக்குக் கதைக்காமல் இருப்போம். அது நம்மால் கொடுக்கக்கூடிய மரியாதை.

விலை பேசுபவர்கள்

காசுக் கதை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். சனம் சும்மா பயப்படவில்லை. 2016 இலும் 2022 இலும் கொழும்பில் சிறுநீரக வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்து விசாரணைகள் நடந்தன. நுண்கடன் தவணை கட்டமுடியாமல் தவிக்கும் பெண்களிடம் "ஒண்டைக் குடுத்தால் கடன் தீரும்" என்று ஆசை காட்டுகிற தரகர்கள் இருக்கக்கூடும். அப்படி யாராவது வந்தால் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டத்தின்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். உயிரோடு இருப்பவர் சிறுநீரகம் கொடுப்பது பெரிய சத்திரசிகிச்சை, அதன்பின் வாழ்நாள் முழுதும் உடலைக் கவனிக்கவேண்டும். கடனுக்கு அது மருந்தல்ல. யாராவது விலை பேசினால் கிராம அலுவலருக்கோ, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கோ, பொலிஸுக்கோ சொல்லுங்கள்.

சமூகவியலில் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கொடை பற்றி 1925 இல் எழுதியது புகழ்பெற்றது. எந்தக் கொடைக்கும் பின்னால் திருப்பிக் கொடுக்கும் கடமை ஒன்று இருக்கிறது என்பது அவர் கருத்து. நமக்கும் இது புதிதல்ல. அவர்கள் நம் வீட்டுச் செத்தவீட்டுக்கு வந்தால் நாமும் அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். ஆனால் இறந்த பிள்ளையின் உறுப்பைப் பெற்றவர் யாருக்குத் திருப்பிக் கொடுப்பார்? கொடுத்தவன் இல்லை, தாயின் பெயர் தெரியாது. திருப்பிக் கொடுக்க வழி இல்லாத கொடை இது. பெயரை மறைத்து வைப்பதன் நன்மையும் அங்கேதான் இருக்கிறது. பெற்றவர் காலமெல்லாம் கடன்பட்டவராகக் குனிந்து நிற்கத் தேவையில்லை. கொடுத்தவரும் அவருடைய வாசலில் போய்ப் பிள்ளையைத் தேடத் தேவையில்லை.

தெரிந்திருக்க வேண்டியவை

கண்தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இயற்கையாக இறந்தவரின் கண்களையும் கொடுக்கலாம், ஆனால் இறந்து சில மணித்தியாலங்களுக்குள் எடுக்கவேண்டும். முதியவர்களும் கண்ணாடி போட்டவர்களும் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களும் கொடுக்கலாம். பிறரின் கண்ணில் பொருத்துவது முன்பக்கத்து விழிவெண்படலத்தை மட்டுமே. இருதயம், ஈரல், சிறுநீரகம் போன்றவற்றை இறந்தபின் கொடுப்பது பெரும்பாலும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைச்சாவு உறுதியானவர்களிடமிருந்துதான். ஒருவரின் உறுப்புகளால் எட்டுப் பேர்வரை உயிர்பெறலாம். உயிரோடு இருக்கும்போதே ஒருவர் தன் சம்மதத்தை எழுதி வைக்கலாம். எழுதாதவருக்காக முடிவெடுப்பது நெருங்கிய உறவினர். எழுதினாலும் வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டால் அந்தக் கடதாசி அலமாரிக்குள்ளேயே கிடந்துவிடும்.

வைத்தியசாலையில் உங்களுக்கு விளங்காத மொழியில் எதையும் ஒப்பமிட வேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். பரிசோதனை முடிவை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையோடு இருந்து விடைபெற நேரம் கேளுங்கள். அந்தத் தாய் சத்திரசிகிச்சைக் கூடத்து வாசல்வரை கட்டிலின் பக்கத்தில் நடந்துபோனார். மகனின் நெற்றியில் விபூதி பூசினார். யாரும் தடுக்கவில்லை.

இப்போது இளையவனின் திவசத்தன்று அவர் இரண்டு காரியம் செய்கிறார். காலையில் ஐயரைக் கூப்பிட்டுச் செய்வதைச் செய்கிறார். பின்னேரம் விளையாட்டுக் கழகம் நடத்தும் இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்குத் தோடம்பழச்சாறு ஊற்றிக் கொடுக்கிறார். மூத்தவனுக்கு இன்னும் திவசம் இல்லை. அவனைத் தேடுவதை அவர் நிறுத்தவும் இல்லை. இளையவனின் காரியம் மூத்தவனின் காயத்தை ஆற்றிவிட்டது என்று எழுதினால் அது பொய். "அவன்ர கண் எங்கையோ பாக்குது எண்டு நினைச்சா ஆறுதலோ அம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஆறுதல் எண்டில்லைப் பிள்ளை. அவன் போன கிழமையிலை நான் செய்த ஒரேயொரு காரியம், அவன் இருந்தாச் செய்திருப்பான் எண்டு எனக்குத் தெரிஞ்ச காரியம் அதுதான்" என்றார்.

இந்தப் பேச்சை வைத்தியசாலையின் சிறிய அறைக்குள், நித்திரை இல்லாத மூன்றாம் நாளில், அந்நிய மொழியில் தொடங்க வேண்டிய நிலை நம் பெண்களுக்கு வரக்கூடாது. இன்றிரவு சாப்பிட்டு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருக்கும்போது தொடங்கலாம். பிள்ளைகளிடம் கேளுங்கள், மாமியிடம் கேளுங்கள், உங்கள் விருப்பத்தையும் சொல்லுங்கள். ஓம் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவர்கள் வாயால் வந்த சொல்லாக இருக்கட்டும். கூடவே, மோட்டார் சைக்கிள் ஓடும் பிள்ளை வீட்டில் இருந்தால், தலைக்கவசத்தின் பட்டியைக் கொழுவிவிட்டுத்தான் படலையைத் தாண்டவேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.